கஷாயத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

லூப்பஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) உள்ள ஒரு தங்கை நேற்று இன்பாக்ஸில் கேட்டிருந்தாள்: "அக்கா, சீன மருந்து குடித்தால் இந்தச் சோர்வு போகுமா?" என்னைப் போல இன்னும் பலர் இதே கேள்வியோடு இருப்பார்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

வேலை செய்து களைப்பது வேறு, இது வேறு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் தலைவார கையைத் தூக்க முடியாது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், உடம்பு மட்டும் நனைந்த சாக்கு மாதிரி கிடக்கும். மூட்டு வலிக்கு மாத்திரை உண்டு. இந்தச் சோர்வுக்கென்று ஒரு மாத்திரை இன்றைக்கும் இல்லை. டாக்டரிடம் சொன்னால் "ரெஸ்ட் எடுங்க" என்பார். அப்புறம் எங்கே போவது? சீன மருந்துக்கடைக்குப் போகிறவர்களை முட்டாள்கள் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

நானும் போனேன். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழேயே ஒரு கடை. சீன மருத்துவர் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கம், பசி, மாதவிலக்கு எல்லாம் விசாரித்தார். என் சோர்வைப் பற்றி அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். உடம்பில் 'சி' என்கிற உயிராற்றல் குறைந்திருக்கிறது என்றார்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தேன். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி சீவிய மஞ்சள் வேர், அதுதான் சோர்வுக்குச் சீன மருத்துவத்தில் கொடுக்கும் ஹுவாங் சி. பக்கத்தில் வட்ட வட்டமாக இன்னொரு வேர். ஒரு துண்டை நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது, அதிமதுரம்! தொண்டை கட்டினால் பாட்டி கடிக்கக் கொடுக்கும் அதே இனிப்பு. நம்ம பொருள்தானே என்று மனசு நிம்மதியாகிவிட்டது. மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்சி, தினமும் குடித்தேன்.

"வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அந்த மருத்துவர் கேட்டார். "வைட்டமின்தான்" என்றேன். லூப்பஸுக்காக நான் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனைச் சொல்லவில்லை. மருத்துவமனை டாக்டரிடம் கஷாயத்தைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் திட்டு விழும் என்ற பயம்.

ஐந்தாவது வாரம் கணுக்கால் வீங்கியது. ரத்த அழுத்தம் 158/96. பொட்டாசியம் இறங்கியிருந்தது. லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டதோ என்று டாக்டர் கவலைப்பட்டார், ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கலாமா என்பது வரை பேச்சு போனது. கடைசியில் மருந்தாளுநர்தான் மெதுவாகக் கேட்டார், "கஷாயம் ஏதாவது குடிக்கிறீங்களா?" அங்கேயே அழுதுவிட்டேன்.

அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சிறுநீரகம் முறிக்கவிடாமல் தடுக்கிறது. உப்பும் நீரும் உடம்பில் தேங்கும், பொட்டாசியம் வெளியே போகும். பிரெட்னிசலோனும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தங்கும். கஷாயத்தை நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் சரியானது. முதல் மூன்று வாரம் எனக்குச் சோர்வு குறைந்தது உண்மை. ஆனால் அதில் பாதியாவது தங்கிப்போன ஸ்டீராய்டின் வேலை என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான், இரண்டே நாளில் வலியையும் சோர்வையும் துடைத்தெடுக்கும் காப்ஸ்யூலைப் பார்த்தால் எனக்குப் பயம். மூலிகை என்று விற்ற பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

மூலிகை வேலையே செய்யாது என்றும் சொல்லமாட்டேன். லெய் கோங் டெங் என்ற கொடியின் சாறு, 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முடக்குவாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் சல்ஃபாசலசின் மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. அதே கொடி ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும், பெண்களுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடலாம். சோர்வுக்கான கஷாயங்களில் அடிக்கடி சேரும் டாங் குவெய் என்ற வேர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

தங்கச்சி, முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல், தூக்கத்தைப் பற்றியும் பேசு. எனக்கு உதவியது மாலையில் புளோக்கைச் சுற்றி நடக்கும் 20 நிமிடம். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம்தான் முடிந்தது. அதற்கும் மேல் கஷாயம் குடித்துப் பார்க்க வேண்டுமென்றால், கடைக்காரரிடம் ஒவ்வொரு வேரின் பெயரையும் எழுதி வாங்கு. அந்தச் சீட்டை டாக்டரிடமும், உன் மாத்திரை அட்டைகளைச் சீன மருத்துவரிடமும் காட்டு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் என்றைக்கு? தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.