கணக்கு வந்தது, விலைப்பட்டியல் வரவில்லை

போன மாதம் மகனுக்கு முழங்காலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேரிடம் இணைப்பு போனது. நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு கிடைத்த பதில்: "ஸ்கேன் முடிந்து பில் வரும்போது தெரியும்." கையில் ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட், அதாவது மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கின் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணம் இருக்கிறது, கொடுக்கவும் தயார். விலை சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த அட்டை என்னைப் போன்றவர்கள் கைக்கு வந்ததில் பெரும்பங்கு ஜான் குட்மன் என்ற பொருளாதார அறிஞருக்கு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1983-ல் இதே டாலஸில் நேஷனல் சென்டர் ஃபார் பாலிசி அனாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, மருத்துவத்துக்கும் சந்தை வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதியும் பேசியும் வந்தார். 'ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்டின் தந்தை' என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. அவருடைய கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை.

அமெரிக்க மருத்துவமனையில் ஏன் விலை தெரிவதில்லை? 1942-ல், போர்க்காலத்தில், சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்து ஆட்களை இழுத்தன. 1954-ன் வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு வரி இல்லை என்று உறுதி செய்தது. அன்றிலிருந்து பில்லைக் கட்டுவது வேறு யாரோ. நோயாளி விலை கேட்கவில்லை, மருத்துவமனை சொல்லவும் இல்லை. 1992-ல் ஜெரால்ட் மஸ்கிரேவுடன் சேர்ந்து எழுதிய நூலில் குட்மன் இந்த முடிச்சைத்தான் பிடித்தார். சின்னச் செலவுகளுக்கான பணத்தை நோயாளியின் சொந்தக் கணக்கிலேயே போடுங்கள், செலவழிக்காதது அவருக்கே மிஞ்சட்டும், பெருஞ்செலவுக்கு மட்டும் காப்பீடு இருக்கட்டும் என்றார். 1996-ல் அது சோதனைத் திட்டமாக வந்தது. 2003 டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாக நாடு முழுவதற்கும் ஆனது.

அவர் எழுதியதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. பணமாக வாங்கும் விலையை அமுக்கிவிட்டால் விலை மறைந்துபோவதில்லை, மக்கள் அதை நேரமாகக் கட்டுகிறார்கள் என்பார். காத்திருப்பு அறையில், வரிசையில், போனில். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. காப்பீடு பெரும்பாலும் தலையிடாத லேசிக் கண் சிகிச்சையில் முழு விலையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்று அவர் காட்டும் உதாரணம் உண்மை. ஒக்லஹோமாவில் ஓர் அறுவை சிகிச்சை மையம் 2009-லேயே தன் கட்டணங்களை இணையத்தில் போட்டது. முடியாத காரியம் அல்ல. எல்லா மருத்துவமனைகளும் விலையை வெளியிட வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. கணக்கு வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து!

இனி என் வருத்தத்தைச் சொல்கிறேன். 2008-ல் அவர் ஒரு யோசனை சொன்னார்: அவசர சிகிச்சைப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பாது, ஆகவே யாரையும் 'காப்பீடு இல்லாதவர்' என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை குறிப்பிடக் கூடாது என்று. காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருக்கும் மாநிலம் டெக்சஸ். அதில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுப் புல்வெளியை வெட்ட வருபவருக்குச் சர்க்கரை நோய். காப்பீடு கிடையாது. சென்ற ஆண்டு பாதத்தில் புண் வந்து அவசர சிகிச்சைக்குப் போனார். சீழ் எடுத்து, கட்டுப் போட்டு, மறுநாள் காலையில் அனுப்பிவிட்டார்கள். சட்டம் கேட்பது அவ்வளவுதான், உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். அடுத்த மாத இன்சுலினுக்கு அங்கே யாரும் பொறுப்பில்லை, ஆனால் பில் மட்டும் வீடு தேடி வந்தது. அதை நான்காக மடித்துத் தொப்பிக்குள் வைத்திருந்தார், என்னிடம் காட்டுவதற்காக. புண் ஆறும் வரை நான்கு மாதம் அவர் தம்பிதான் வேலைக்கு வந்தார்.

ராண்ட் என்ற நிறுவனம் 1970-களில் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டு ஆய்வை, மருத்துவத்துக்குச் சந்தை வேண்டும் என்பவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். கையிலிருந்து பணம் கட்ட வேண்டியவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள், சராசரியாகப் பார்த்தால் உடல்நலம் கெடவில்லை என்பார்கள். சரி. ஆனால் தேவையில்லாத சிகிச்சையோடு தேவையானதையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள் என்பதும், இரத்த அழுத்தம் உள்ள ஏழைகளுக்கு இலவச சிகிச்சைதான் நன்மை செய்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுகள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

குட்மனின் முழுத் திட்டத்தில் இந்த ஏழைகளுக்கும் இடம் இருந்தது என்பதுதான் வேதனை. பணக்காரர், ஏழை என்று பாராமல் காப்பீட்டுக்காக எல்லோருக்கும் ஒரே அளவு வரிச்சலுகை, வரி கட்டாதவருக்கும் அந்தத் தொகை. காப்பீடு வாங்காதவரின் பங்கு அந்த ஊரின் இலவச மருத்துவ அமைப்புக்குப் போகும். வாஷிங்டன் இதைத் தொடவே இல்லை. கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கோ அதிக வரி கட்டுபவருக்குத்தான் அதிகம் மிச்சம் பிடிக்கிறது, அதாவது எனக்கு. டாலஸில் அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 2014-ல் அவர் பிரிய நேர்ந்தது. 2017-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அவரைப் புகழ்பவர்கள் இன்றும் பேசுவது கணக்கைப் பற்றித்தான்.

என் மகனுக்குக் கடைசியில் ஒரு சின்ன ஸ்கேன் மையத்தில் இரண்டே நிமிடத்தில் விலை சொன்னார்கள்: 425 டாலர். அட்டையைத் தேய்த்துவிட்டு வந்தேன். குட்மனைக் கொண்டாடும் நண்பர்களிடம் கேட்கிறேன்: புல் வெட்ட வருபவருக்கு அவர் ஒதுக்கச் சொன்ன அந்தத் தொகையையும் கேளுங்கள். கணக்குக்காகப் பேசிய அதே குரலில், அதே பிடிவாதத்தோடு கேளுங்கள்.