எடை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்

சனிக்கிழமை இரவு உள்பெட்டியில் ஓர் அக்கா எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போய்க் குடியேறியவர். 16 வயது மகளை உணவுக் கோளாறு வார்டில் சேர்த்து ஒன்பது நாள் ஆகிறது. "தங்கச்சி, என்னை ஜெயிலில விட்டுட்டுப் போறீங்களோ எண்டு பிள்ளை அழுறாள். கூட்டிக்கொண்டு வந்திடட்டோ?"

வேண்டாம் அக்கா. உங்கள் அனுமதியோடு பதிலை இங்கேயே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும்.

மேல்படிப்புக்காக இங்கிலாந்து போன இடத்தில், 24 வயதில், நானும் அப்படி ஒரு வார்டில் நான்கு மாதம் இருந்தேன். நோயின் பெயர் அனோரெக்ஸியா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிடாமலே உடம்பை ஒடுக்கும் மனநோய். என் எடை அப்போது எவ்வளவு என்று எழுதமாட்டேன். வார்டில் நாங்கள் ஒவ்வொருவரும் அடுத்தவளின் எண்ணைத் தெரிந்துகொள்ளத் துடித்தோம், அவளைவிட நான் கம்மியா என்று பார்க்க. இதைப் படிப்பவர்களிலும் அப்படி ஒருத்தி இருப்பாள்.

நோய் அங்கே போய் வந்ததல்ல. மதுரையிலேயே தொடங்கிவிட்டது. முதலில் வெள்ளிக்கிழமை விரதம், பிறகு சஷ்டி, கார்த்திகை, பிறகு தினமுமே ஏதோ ஒரு விரதம். "இந்த வயசுல எம்புட்டு பக்தி" என்று சித்தி பெருமையாகச் சொல்லுவாள். நான் சாமிக்காகப் பட்டினி கிடக்கவில்லை என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான்.

வார்டில் முதல் வாரம் தட்டில் வைத்த சோறு நான் பயந்த அளவுக்கு இல்லை. வஞ்சகம் செய்கிறார்கள், பிறகு மொத்தமாகத் திணிப்பார்கள் என்று நினைத்தேன். காரணம் வேறு. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்துவிடும், இதயத் துடிப்பே தாறுமாறாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகளில் சிலர் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்தது அதனால்தான். தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். உடம்பு அந்த நிலைக்குப் போனபின் பாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் சோறூட்டுவது ஆபத்து. அக்கா, உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

ஆனால் பிள்ளை ஜெயில் என்று சொல்வது பொய்யில்லை. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றுக்கும் கடிகாரம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் ஹாலிலேயே உட்கார வேண்டும். யாரும் வாந்தி எடுத்துவிடக் கூடாது என்று அதுவரை கழிவறைக்குப் பூட்டு. சாப்பிடும் நேரத்தைவிட அந்த ஒரு மணி நேரம்தான் கொடுமை. வயிற்றில் பாறை, மண்டைக்குள் திட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குரல். சில நர்ஸுகள் சுவரில் சாய்ந்து நின்று எங்களைக் காவல் காத்தார்கள். சிலர் எங்களோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு, சீட்டு விளையாடி, ஊர்க்கதை பேசினார்கள். விதி ஒன்றேதான். இரண்டாவது வகையினர் பணியில் இருந்த நாட்களில் நான் தட்டைக் காலி செய்தேன்.

ஒருநாள் சோற்றில் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்தேன். உணவைப் பிசைந்து உருக்குலைப்பது நோயின் பழக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள், கரண்டியால்தான் சாப்பிட வேண்டும் என்றார்கள். எத்தனையோ பேருக்கு அது நோயின் பழக்கம்தான். எனக்கு அன்று பல மாதங்களுக்குப் பிறகு பசி எடுத்திருந்தது. கானா நாட்டு நர்ஸ் ஒருவர், "எங்க ஊரிலும் கையால்தான் சாப்பிடுவோம்" என்று மருத்துவர்கள் கூட்டத்தில் பேசி அதை மாற்றிக் கொடுத்தார். அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து அறைப் பெண்ணுக்கு உணவு செலுத்த மூக்கு வழியே குழாய் போட்டார்கள், மூன்று பேர் பிடித்துக்கொண்டு. அங்கே 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அன்று போடாவிட்டால் தான் உயிரோடு இருந்திருக்கமாட்டேன் என்று அவளே பின்னால் சொன்னாள். போட்டு முடித்தபின் ஒருவர்கூடத் திரும்பி வந்து பக்கத்தில் உட்காரவில்லை, அதை மன்னிக்கவே முடியாது என்றும் சொன்னாள். இரண்டையும் நான் நம்புகிறேன்.

என்னைத் திருப்பிவிட்டது ஓர் இளம் மருத்துவர் சொன்ன விஷயம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் சமையல் குறிப்பு சேகரிக்கத் தொடங்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், ஆட்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். நானும் விடுதியில் எல்லோருக்கும் வெண்பொங்கல் வைத்துக் கொடுத்துவிட்டு நான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்தவள். அதெல்லாம் என் குணம் என்று வெட்கப்பட்டிருந்தேன். பட்டினி செய்யும் வேலை அது என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஆண்களுக்கும் சோறு கிடைத்த உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, மாதக்கணக்கானது.

அவ்வளவு தெரிந்த வார்டே, எடை அவர்கள் குறித்த எண்ணைத் தொட்டதும் என்னை அனுப்பிவிட்டது. படுக்கைக்கு ஆள் காத்திருந்தது, புரிகிறது. ஆனால் எனக்கு மிகவும் பயமாக இருந்த வாரம் அதுதான். உடம்பு மாறிவிட்டது, மண்டைக்குள் குரல் மாறவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் "தேறிட்டியே" என்றார்கள். அடுத்த சந்திப்புக்குத் தேதியே வரவில்லை. ஏழு வாரத்தில் பழையபடி நோய்க்குள் விழுந்தேன்.

எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஆவரில் ஹார்ட் என்ற 19 வயதுப் பெண், இதே நோய்க்கு வார்டில் இருந்து வெளியே வந்து, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சில மாதங்களில், 2012 டிசம்பரில் இறந்துபோனாள். தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று 2017இல் இங்கிலாந்தின் குறைதீர் அதிகாரியின் அறிக்கை சொன்னது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

அதனால் அக்கா, பிள்ளை அங்கேயே இருக்கட்டும். பார்க்கப் போகும்போது எடை என்ன என்று அவளிடமும் கேட்காதீர்கள், அவள் காதுபட நர்ஸிடமும் கேட்காதீர்கள். "முகம் தெளிஞ்சிருக்கு" என்றுகூடச் சொல்ல வேண்டாம், குண்டாகிவிட்டாய் என்றுதான் அது அவளுக்குக் கேட்கும். சாப்பாட்டுக்குப் பிந்தைய அந்த ஒரு மணி நேரம் கூட உட்கார முடியுமா என்று வார்டில் கேளுங்கள். விட்டால் ஒரு சீட்டுக்கட்டோடு போங்கள். வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று அவர்கள் சொல்லும் நாளில், அடுத்து யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில், இரவில் பயந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரும்வரை அவள் பெட்டியைக் கட்டாதீர்கள்.