மார்த்தாள் வீட்டு அச்சு முறுக்கு

(பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு அடுக்களை. டிசம்பர் 19, இரவு ஒன்பதரை. தேவசகாயம் கையில் வேதாகமம். எஸ்தர் கையில் முறுக்கு அச்சு. இரண்டில் எது அதிகச் சூடு என்று போகப் போகத் தெரியும்.)

தேவசகாயம்: லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் 1 தொடங்கி தினம் ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

எஸ்தர்: நான்தான்.

தேவசகாயம்: இன்று தேதி 19. நாம் பத்தாம் அதிகாரத்தில் நிற்கிறோம்.

எஸ்தர்: ஸ்டார் கட்ட ஒரு நாள், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க ஒரு நாள், மற்றதெல்லாம் வீடு வீடாகப் பாடப் போகிற உங்கள் கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து படுக்கிறவரிடம் எதை வாசிப்பது?

தேவசகாயம்: அது ஊழியம், எஸ்தர்.

எஸ்தர்: கேக் தட்டு வந்ததும் பாதிச் சரணத்தில் நின்றுவிடுகிற ஊழியம்! நேற்று கிறிஸ்துமஸ் தாத்தா நம் திண்ணையிலேயே தாடியைக் கழற்றி வைத்துவிட்டு வடை தின்றார். சின்னவள் இன்னும் தேம்பிக்கொண்டிருக்கிறாள்.

தேவசகாயம்: சரி, கேள். இயேசு மார்த்தாள் வீட்டுக்கு வருகிறார். அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்கிறாள். மார்த்தாளோ பற்பல வேலைகளில்...

எஸ்தர்: மார்த்தாள் பெயர் வரும்போது மட்டும் ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்?

தேவசகாயம்: கண்ணாடி போடவில்லை. எழுத்து தெரியவில்லை.

எஸ்தர்: தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மாமி அதிரசம் கொடுத்த தூக்குவாளி அதோ இருக்கிறது. வெறும் வாளியையா திருப்பிக் கொடுப்பது? உங்கள் மரியாள் எழுந்து வந்து மாவு கரைப்பாளா?

தேவசகாயம்: இன்றைக்கு நீயே மரியாள். உட்கார்ந்து வாசி, நான் சுடுகிறேன்.

(இப்படி ஒரு சொல்லுக்குக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவளைப் போல எஸ்தர் உடனே மணையில் உட்காருகிறாள்.)

தேவசகாயம்: என்ன இது, முறுக்கு அச்சைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது!

எஸ்தர்: அச்சை முதலில் எண்ணெயில் காயவைக்க வேண்டும். அப்புறம் முக்கால்வாசிதான் மாவில் முக்கணும். மேலே ஏறினால் கழன்று விழாது.

தேவசகாயம்: ஏறிவிட்டதே! கருகுகிறதே! நான் ஒருத்தன் இங்கே தனியாக வேகிறேன், நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய்!

எஸ்தர்: இதையேதான் மார்த்தாள் 40ஆம் வசனத்தில் கேட்கிறாள். 41இல் பதில் இருக்கிறது, வாசிக்கவா?

தேவசகாயம்: அப்புறம் வாசி. முதலில் நெம்புகிற குச்சியை எடு!