விதையைக் காப்பாற்றினால் போதுமா?

எப்போது பார்த்தாலும் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறாயே, வேறு விஷயமே இல்லையா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்னோர் சாப்பிட்டதெல்லாம் அமுதம், இன்றைக்குச் சாப்பிடுவதெல்லாம் விஷம் என்று முழங்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். என்னை எழுத வைத்தது மக்காச்சோளம்.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் அதைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் கரைத்த நீரிலோ வேகவைத்து, ஊறவைத்து, கழுவிய பிறகுதான் அரைப்பார்கள். கொலம்பசுக்குப் பிறகு தானியம் கப்பலேறி ஐரோப்பா போனது. பக்குவம் கூடவே போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் பிடித்தது. தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது, உயிரும் போனது. ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் 1735இலேயே இந்த நோயைக் கவனித்து விவரித்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது பரவியது. தொற்றுநோய் என்று பலர் அடித்துச் சொல்ல, உணவுக் குறைபாடுதான் என்று நிறுவ அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் பாடாய்ப்பட்டார். குறைந்திருந்தது நியாசின் என்ற பி3 வைட்டமின் என்பது 1937இல்தான் தெளிவானது. வேடிக்கை என்னவென்றால், மக்காச்சோளத்திலேயே நியாசின் இருக்கிறது. உடலுக்கு எட்டாதபடி பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பைச் சுண்ணாம்பு நீர் அவிழ்த்துவிடுகிறது. பெயர் தெரியாத எத்தனையோ பெண்கள் காரணம் தெரியாமலேயே கைப்பழக்கமாகச் செய்துவந்த வேலை அது.

இதைப் படித்த பிறகு சமையல் குறிப்பை என்னால் பொழுதுபோக்காகப் பார்க்க முடியவில்லை.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008இல் திறக்கப்பட்ட விதைக் கிடங்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உறைகுளிரில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டபோது அங்கிருந்த விதைச் சேகரிப்பைத் தின்னாமல் காத்து, பட்டினியில் செத்துப்போன அறிவியலாளர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஒரு விதையை எப்படிப் பக்குவப்படுத்தி உண்பது என்ற அறிவு விதைக் கிடங்குக்குள் முளைக்காது. அது ஆட்களிடம் இருக்கிறது. ஆள் போனால் அதுவும் போய்விடும்.

உலகம் தாவரங்களிலிருந்து பெறும் கலோரியில் பாதிக்கு மேல் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்றே தானியங்கள் தருகின்றன. மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும் வேறு பயிர்களை விதையுங்கள் என்று விவசாயிக்கு உபதேசம் செய்வது சுலபம். வாங்குகிறவருக்குச் சமைக்கத் தெரியாவிட்டால் விளைச்சலை விவசாயி என்ன செய்வார்? 2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது நல்லதுதான்; ஆண்டு முடிந்த பிறகும் அடுப்பில் ஏறினால்தான் பயிர் வயலில் நிற்கும்.

இன்னொன்று. பழைய பக்குவங்களுக்குப் பின்னால் பெண்களின் இடுப்பொடிந்த உழைப்பும் இருக்கிறது. மீண்டும் கல்லில் அரைக்கச் சொல்லும் ஆண்கள் முதலில் ஒரு மாதம் தாங்களே அரைத்துக் காட்டட்டும். இயந்திரம் அரைத்தால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஊறவைக்கும் நேரமும் அதன் காரணமும் தொலையக்கூடாது, அவ்வளவுதான்.

அதனால்தான் என் பதிவுகளில் ஏக்கப் பெருமூச்சு குறைவு. அளவும் நேரமும் 'ஏன்' என்ற விளக்கமும் அதிகம். சலிப்பாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும், அடுத்த பதிவு புளிக்கவைத்தல் பற்றி. அது இன்னும் நீளம்.