போஸ்டர் விஷயமாகக் கேட்ட எல்லோருக்கும்

இன்பாக்ஸில் ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தொங்கும் அந்தப் புடவைக் கடைத் தீபாவளி போஸ்டரில் இருப்பது நான்தான். புடவை நான் கட்டியதுதான், மூக்கும் என்னுடையதுதான். தோல் மட்டும் என்னுடையது இல்லை, என் கறுப்பை வெளுத்துவிட்டார்கள்.

"லைட்டிங் அப்படி" என்று கடைக்கார அண்ணன் போட்ட பதிலைப் படித்திருப்பீர்கள். சரி, லைட்டிங். அந்த அதிசய வெளிச்சம் பின்னால் இருந்த சுவரில் விழவில்லை, புடவையின் பச்சையை வெளிற வைக்கவில்லை, என் முகத்திலும் கழுத்திலும் கையிலும் மட்டும் தேடிப்பிடித்து விழுந்திருக்கிறது. காதோரம் மறந்துவிட்டார்கள் போல. பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே நான் இருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். என் நிறம் வேண்டாம் என்றால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள்? சிவப்பாக இருக்கும் மாடல்கள் இந்த ஊரில் இல்லையா? கேட்டிருந்தால் நானே நம்பர் கொடுத்திருப்பேன்.

"காசு வாங்கினாய்தானே, அப்புறம் என்ன பேச்சு" என்று ஒருவர். வாங்கினேன். புடவை கட்டி நாள் முழுக்க நின்றதற்கு வாங்கினேன். கடையின் புடவையையா மாற்றினார்கள், என் உடம்பை மாற்றியிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் புரியாதவருக்கு மேலே விளக்க எனக்குத் தெம்பில்லை.

இந்தத் தொழிலில் எனக்குப் பழகிப்போன விஷயங்கள் நிறைய. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என நான்கு இனமும் சிரித்துக்கொண்டு நிற்கும் விளம்பரங்களில் இந்தியருக்கான இடம் ஒன்றுதான், அந்த ஒன்றுக்கு நாங்கள் வரிசையில் நிற்போம். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பெட்டியைத் திறந்து என்னைப் பார்ப்பார், பெட்டியைப் பார்ப்பார், "சாரி" என்பார். அதனால் எந்த வேலைக்குப் போனாலும் என் ஃபவுண்டேஷனை நானே பையில் எடுத்துப் போவேன். அங்கெல்லாம் எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. அவர்களுக்கு என் தோல் தெரியாது. நம் ஆட்களான இந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியும், இவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனது ஞாபகம் வருகிறது. 15 வயது. புளோக்குக்குக் கீழே இருந்த ஸ்டூடியோவில் நம் ஆள்தான். படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, "பாப்பாவுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுத்திருக்கேன்க்கா, அதுக்குக் காசு வேணாம்" என்றார். அம்மா நன்றி சொன்னார். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அந்த மனிதரும் அன்பாகத்தான் செய்தார். நான்தான் வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

இனி அந்த இன்னொரு கமெண்ட். "இவ மேக்கப் பிசினஸுக்கு இது ஃப்ரீ விளம்பரம்." இதற்கு 200க்கு மேல் லைக். அதில் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள், பார்த்துக்கொண்டேன்.

ஆமாம், பிசினஸ் செய்கிறேன். 115 வெள்ளி (டாலர்) கட்டி, தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிந்து, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் பெட்டிகளுக்கு நடுவே தூங்கி எழுந்து நடத்துகிறேன். வாசலில் பெயர்ப்பலகை மாட்டக்கூட அனுமதி இல்லை. பொருள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும், எதைக் கலந்திருக்கிறோம் என்று காட்டத் தயாராக இருக்க வேண்டும். அப்படித்தான் ஒன்று கற்றுக்கொண்டேன். கறுப்புத் தோலில் ஃபவுண்டேஷன் சாம்பல் பூத்தாற்போல் தெரிவதற்குத் தோல் காரணமில்லை. வெள்ளைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் காரணம். அதைக் குறைத்து, சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைச் சரியான அளவில் கூட்டினால் தோல் தோலாகவே தெரியும். இவ்வளவுதான் ரகசியம். இத்தனை வருஷம் கண்ணாடி முன்னால் என் முகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், திட்ட வேண்டியது டப்பாவை.

"டார்க் ஷேட் போகாதும்மா" என்று கடைகளில் சொல்வார்கள். வைக்காத பொருள் எப்படிப் போகும்? 2017-இல் பாடகி ரியானாவின் ஃபென்டி பியூட்டி ஃபவுண்டேஷன் 40 நிறங்களில் வந்தபோது அடர்ந்த நிறங்கள் பல கடைகளில் தீர்ந்துபோனதே செய்தியானது. பூசிக்கொள்ள ஆள் இருந்தது, பொருள்தான் இல்லை.

2019-இல் இங்கே மின்னணு முறையில் பணம் கட்டும் சேவைக்கு ஒரு விளம்பரம் வந்ததே, ஒரே சீன நடிகர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு இந்தியராகவும் நின்றாரே. அன்றைக்கு மட்டும் டார்க் ஷேட் எங்கிருந்தோ கிடைத்தது! நாமெல்லாம் கொதித்தோம். அந்தக் கடைக்கார அண்ணனும் அப்போது நீளமாக ஒரு பதிவு போட்டார், நான் ஷேர்கூடச் செய்தேன். மன்னிப்புக் கேட்டு அந்த விளம்பரத்தை எடுத்தார்கள். இப்போது நம் ஆளே நம் பெண்ணை வெளுத்தால் மட்டும் அது லைட்டிங்.

"தீபாவளி நேரத்தில் நம்மவர் வியாபாரத்தைக் கெடுக்காதே" என்கிறவர்களுக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் வாடகை என்னவென்று எனக்கும் தெரியும். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் தீபாவளிக்கு முந்தைய அந்தச் சில வாரங்களில் சம்பாதித்ததை வைத்துத்தான் பலர் மிச்ச வருஷத்தை ஓட்டுகிறார்கள். அதனால்தான் கடைப் பெயரை இதுவரை எங்கும் எழுதவில்லை. பெயரைப் போட்டது நீங்கள், கமெண்டில், எனக்கு ஆதரவாக. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புடவை நன்றாக இருக்கும், வாங்குங்கள். ஆனால் அங்கே புடவை எடுக்க வரும் பத்து பெண்களில் எத்தனை பேர் அந்தப் போஸ்டர் நிறத்தில் இருக்கிறார்கள் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே அவர் பார்க்கலாமே?

போட்டோகிராபர் திருத்தாத படத்தை எனக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் போஸ்டர் மாறவில்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுவேன். சமாதானம் பேசச் சொல்லி என் சித்தப்பாவுக்கு போன் போடுவதையும் நிறுத்துங்கள். அவர் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் தினமும் எம்ஆர்டி ரயிலுக்குப் போகிறார், யாரோ வடக்கத்திப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.