11 அடி மணி பிளான்ட்

(ரங்கூன், அனோரத்தா சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு. முதல் மாடியில் செல்லம்மா, நேர் கீழே ராசையாவின் தையல்கடை. இந்தப் பக்கத்து மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பரோ பில்லோ கிளிப்பில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். செல்லம்மா வீட்டில் அந்தக் கயிற்றை ஒட்டியே மணி பிளான்டும் தொங்குகிறது.)

ராசையா: அக்கோவ்! செல்லம்மாக்கா! கொஞ்சம் எட்டிப் பாருங்க.

செல்லம்மா: என்ன தம்பி, கரண்ட் வந்துருச்சா?

ராசையா: கரண்ட் எங்க வந்துச்சு, பில்லுதான் வந்திருக்கு. உங்க கொடியில மாட்டிட்டுப் போயிட்டான்.

செல்லம்மா: கயித்தை விட்டுட்டுக் கொடியில ஏன் மாட்டினான்?

ராசையா: வித்தியாசம் தெரியணுமே. கயித்துலயும் இலை இல்ல, கொடியிலயும் இலை இல்ல. நுனியில மட்டும் நாலு ஒட்டிக்கிட்டு இருக்கு.

செல்லம்மா: கண்ணு வைக்காத. எவ்வளவு நீளம் தெரியுமா?

ராசையா: டேப்பைக் குச்சியில கட்டி அளந்துட்டேன். வெளிய தொங்குறது மட்டும் 11 அடி. சரி, தொட்டியில எத்தனை இலை இருக்கு?

செல்லம்மா: தொட்டியில எதுக்கு? அதான் உன் கடை வாசல்ல இருக்கே.

ராசையா: நேத்து ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்த அம்மா இதைப் பிடிச்சு இழுத்துட்டு, மணி அடிக்கலையேன்னு அரை மணி நேரம் நிக்குது. வெட்டிருவோம்க்கா.

செல்லம்மா: வாயைக் கழுவு! மணி பிளான்டை வெட்டினா வீட்டுல காசு தங்காது.

ராசையா: இப்பத் தங்குதா?

செல்லம்மா: (சற்று யோசித்து) வெட்டினா இன்னும் வேகமா ஓடிரும்ல.

ராசையா: இந்தச் செடிக்குச் சொந்த ஊரு பசிபிக் கடல்ல தாகித்திக்குப் பக்கத்துல மோரேயான்னு ஒரு தீவு. அங்க போய் லட்சுமி குடியிருக்கான்னு யாரும் சொல்லல. காட்டுல இது மரத்துல ஏறினா ஒரு இலையே 2 அடிக்கு மேல வரும். தொங்க விட்டா இலை சிறுத்துக்கிட்டே போகும்.

செல்லம்மா: அப்ப மேல் வீட்டுக்கு ஏத்தி விட்டுரலாமா?

ராசையா: அவங்க கேட்டா?

செல்லம்மா: லட்சுமி வந்திருக்கான்னு சொல்லிக்கலாம்.

(ராசையா படியேறி வருகிறார். கையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டு.)

செல்லம்மா: என்ன, செடிக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைக்கப் போறியா?

ராசையா: வெட்டுற இடத்தைக் குறிக்கணும்ல. தொட்டி எங்க?

செல்லம்மா: பீரோவுக்குப் பின்னாடி.

ராசையா: பீரோவுக்குப் பின்னாடியா! அதான் வெளிச்சம் தேடித் தெருவுக்கு ஓடியிருக்கு.

செல்லம்மா: காத்து வாங்கப் போகுதுன்னு நெனச்சேன்.

ராசையா: ஜன்னலோரம் வைங்க. நேர் வெயில் வேணாம், வெளிச்சம் போதும். இந்தாப் பாருங்க, இலைக் காம்பு ஒட்டியிருந்த தடம், பக்கத்துல பழுப்பா ஒரு முண்டு. இதுதான் கணு. இலை உதிர்ந்தாலும் கணுவுக்கு உசிரு இருக்கு. மண்ணுலருந்து மூணு கணு விட்டு, மூணாவதுக்குக் கொஞ்சம் மேல வெட்டினா அங்கருந்து புதுக் கொழுந்து வரும்.

செல்லம்மா: இத்தனை நாளா வராத கொழுந்து, வெட்டினா மட்டும் எப்படி வரும்?

ராசையா: நுனியில ஆக்சின்னு ஒரு ஹார்மோன் சுரந்து கீழ இறங்கும். அது இறங்குற வரைக்கும் கணுவுல இருக்கிற மொட்டெல்லாம் தூங்கும். நுனியை எடுத்தா முழிச்சுக்கும்.

செல்லம்மா: எங்க வீட்டுலயும் அதான். மூத்தவன் மலேசியா போற வரைக்கும் சின்னவன் பாயை விட்டு எழுந்திரிக்கவே இல்ல.

ராசையா: கத்தரிக்கோல் குடுங்க.

செல்லம்மா: உன் கத்தரி என்னாச்சு?

ராசையா: அது துணிக்கு. வேற எதையும் வெட்ட மாட்டேன்.

செல்லம்மா: இந்தா.

ராசையா: இதுல மீன் செதில் ஒட்டியிருக்கே! ஸ்பிரிட் போட்டுத் துடைங்கக்கா, அழுக்குக் கத்தரி பட்டா வெட்டின இடம் அழுகிரும். பூனையையும் அந்தப் பக்கம் விரட்டுங்க. இது சேம்புக் குடும்பம். கடிச்சா வாய் எரியும், சாறு பட்டா நமக்கும் அரிக்கும்.

(நறுக். செல்லம்மா பணப்பெட்டி இருக்கும் திசையைப் பார்க்கிறார்.)

செல்லம்மா: தொட்டியில இருக்கிற மத்த ரெண்டு கொடியையும் வெட்டிரு. வர்ற கஷ்டம் ஒரே தடவையா வரட்டும்.

ராசையா: வேணாம். ஒரே நாள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாது. இது துளிர்க்கட்டும், அப்புறம் அதுங்களைப் பாப்போம். மழை ஆரம்பிச்சிருச்சு, சட்டுனு வந்துரும்.

செல்லம்மா: ஒரு வெட்டுக்கு எத்தனை கொழுந்து?

ராசையா: ஒண்ணு. மிஞ்சினா ரெண்டு.

செல்லம்மா: 11 அடியைக் குடுத்துட்டு ஒரு கொழுந்தா? நல்ல யாவாரம்!

ராசையா: அவசரப்படாதீங்க. தொட்டி நிறையறதே வெட்டின துண்டாலதான். துண்டுக்கொரு கணு வர்ற மாதிரி நறுக்கி, கணு முங்குற மாதிரி தண்ணியில போடுங்க. ரெண்டு மூணு வாரத்துல வேர் விடும், அதே தொட்டியில சுத்தி நட்டுருங்க. இலை இல்லாத தண்டையும் தூக்கிப் போடாதீங்க, ஈர மண்ணு மேல படுக்க வெச்சா மெதுவா முளைக்கும். ஆனா வெறும் இலையைப் பிச்சுப் போட்டீங்கன்னா வேர்கூட விட்டுக் காட்டும், கொடி மட்டும் வராது.

செல்லம்மா: அரிசி கழுவின தண்ணி ரெண்டு வேளையும் ஊத்துறேனே, அது?

ராசையா: ரெண்டு வேளையா? இலை மஞ்சளாகிக் கொட்டினது ஏன்னு இப்பல்ல தெரியுது. விரலை விட்டுப் பாருங்க, மேல்மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. பர்மாக்காரங்க புத்தாண்டுக்குத் தண்ணி ஊத்துற திருவிழா ஏப்ரல்லயே முடிஞ்சிருச்சு. ஆமா, இந்தச் செடி எங்க வாங்கினீங்க?

செல்லம்மா: வாங்கினா எப்படி வரும்? மணி பிளான்டைத் திருடி வெச்சாத்தான் வரும். ஒரு கல்யாண வீட்டுல முந்தானையில சுருட்டினது.

ராசையா: யார் வீட்டுக் கல்யாணம்?

செல்லம்மா: உன் கல்யாணந்தான். உன் மாமியார் கையில எப்பவும் காசு புழங்குமே, அதான்.

ராசையா: அடப்பாவி! சீர்வரிசையில வெச்ச செடியை மாப்பிள்ளை வீட்டுல எவனோ ஒடிச்சுட்டான்னு இன்னிக்கும் சொல்லிக் காட்டுது அந்தம்மா!

செல்லம்மா: ஒடிச்சது பொண்ணு வீட்டுப் பக்கம் உக்காந்திருந்த நான்தான். சொல்லிராத.

ராசையா: சொல்ல மாட்டேன். எனக்கு நாலு துண்டு குடுங்க.

செல்லம்மா: கேட்டு வாங்கினா வராதுன்னு இப்பத்தானே சொன்னேன்? நீயும் திருடணும். நான் இப்படித் திரும்பிக்கிறேன்.

ராசையா: திரும்பியாச்சா?

செல்லம்மா: ம். ரெண்டுக்கு மேல திருடாத. எண்ணி வெச்சிருக்கேன்.