நலாக்சோன் கொடுத்ததும் ஆபத்து நீங்கிவிடுமா?
"நலாக்சோன் மருந்தை மூக்கில் அடித்ததும் கண்விழித்தவருக்கு மருத்துவமனை தேவையில்லை" என்று பரவும் செய்தி தவறானது. ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகை வலிநீக்கிகளும் போதைப்பொருட்களும்) அளவு மீறும்போது ஒடுங்கும் மூச்சை அம்மருந்து மீட்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் வீரியம் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடுவதால், மெத்தடோன் போல உடலில் நெடுநேரம் தங்கும் ஓபியாய்டை உட்கொண்டவருக்கு மூச்சு மீண்டும் ஒடுங்கக்கூடும். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தால் நிமோனியா வரலாம். இதயத்தில் கோளாறு இல்லாதபோதும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இது புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று: மார்ஃபின் நஞ்சால் இறந்தவரின் நுரையீரலில் இந்த நீர்க்கோப்பை கனடிய மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1880-லேயே பதிவு செய்தார். மூச்சுத்திணறலும் இளஞ்சிவப்பு நுரைச்சளியும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தோன்றும். இதற்காக நலாக்சோனையே தவிர்ப்பது இன்னும் பெரிய பிழை. மருந்தைக் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.